அம்புக்குறி ஒரு பக்கம், காம்பஸ் ஒரு பக்கம்: ஜிபிஎஸ் மாட்யூல் குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ரிமோட் ஹெலிகாப்டருக்கு வாங்கிய ஜிபிஎஸ் மாட்யூல் திசையைத் தவறாகக் காட்டுவது, மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் ஹெலிகாப்டரை நிலையாக வைக்கும் ஃப்ளைபார்லெஸ் கன்ட்ரோலரும், அதோடு சேரும், உள்ளே காம்பஸ் சிப்பும் உள்ள ஜிபிஎஸ் மாட்யூலும் வாங்கினேன். மாட்யூலில் குறை இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "காலிப்ரேஷன் சரியாகச் செய்யப்படவில்லை, பொருளில் குறையில்லை" என்று ஒற்றை வரியில் பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டீர்கள். காலிப்ரேஷன், அதாவது ஹெலிகாப்டரைச் சுழற்றிக் காம்பஸைச் சரிப்படுத்துவது, சரியாகத்தான் நடந்தது. குறை பொருளில்தான் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

என்னுடையது 450 அளவு ஹெலிகாப்டர், 325 மில்லிமீட்டர் பிளேடு. நீங்கள் கொடுத்த பிராக்கெட்டிலேயே மாட்யூலை டெயில் பூமின் (வால் குழாயின்) மேல் மாட்டினேன். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, பேட்டரி மூன்றும் முன்பக்கம் இருப்பதால் அங்கிருந்து தள்ளி வைக்க வால் பக்கம்தான் வசதி. மாட்யூல் மேல் அச்சடித்த அம்புக்குறி ஹெலிகாப்டரின் மூக்கைப் பார்த்தபடி, பூமுக்கு நேர்கோட்டில் இருந்தது. இரும்புத் திருகு ஒன்றுகூடக் கிடையாது, நைலான்தான். பேட்டரி வயரில் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றோடொன்று முறுக்கித்தான் கொண்டுபோயிருக்கிறேன். மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். கரண்ட் போகும் வயரைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும் என்று உங்கள் உதவி மையத் தம்பி எனக்குப் பாடம் எடுத்தபோது சிரிப்புதான் வந்தது. போகட்டும்.

அதே தம்பி இன்னொன்றும் சொன்னார். "சார், நீங்க வடசென்னையில இருக்கீங்க. ஹார்பர், கன்டெய்னர், ரயில்வே யார்டுன்னு சுத்தி இரும்பு. அதான் காம்பஸ் குழம்புது." ஒரு கன்டெய்னரால் வரும் தாக்கம், தூரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும் கன்டெய்னர் என் காம்பஸை ஒன்றும் செய்யாது. காலடியில் இருக்கும் கான்கிரீட் கம்பிதான் செய்யும். அதனால்தான் மொட்டை மாடியில் செய்யாமல், மீஞ்சூர் தாண்டி நண்பரின் வயலுக்குப் போனேன். ட்ரோன் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை. செல்போன், கைக்கடிகாரம், பைக் சாவி எல்லாவற்றையும் வரப்பில் வைத்துவிட்டு, கையேட்டில் உள்ளபடி ஹெலிகாப்டரை எல்லாப் பக்கமும் சுழற்றினேன். காலிப்ரேஷன் முடிந்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது. சாட்டிலைட்டும் குறையில்லாமல் கிடைத்தது.

பிறகு ரிமோட்டில் கையால் ஓட்டி அந்தரத்தில் நிறுத்தி, நிலையாக நின்றதும், ஜிபிஎஸ்ஸை வைத்துத் தானே ஒரே இடத்தில் நிற்க வைக்கும் பொசிஷன் ஹோல்டைப் போட்டேன். ஒரே இடத்தில் நிற்க வேண்டியது வட்டமடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடப் பெரிது. சட்டென்று சுவிட்சைத் திருப்பிக் கைக்குக் கொண்டுவந்தேன். உங்கள் ஆட்கள் சொன்னதற்காகத் திரும்பக் காலிப்ரேட் செய்து ஏற்றியபோது காற்றும் சேர்ந்துகொள்ள, வரப்போரப் பனங்கன்றில் மோதி மெயின் பிளேடு இரண்டும் போயின. மெயின் ஷாஃப்டும் வளைந்தது.

ஏன் வட்டமடிக்கிறது என்று பார்க்கத் திருவொற்றியூர் கடற்கரைக்கு எடுத்துப் போனேன். பிளேடைக் கழற்றிவிட்டு, மர ஸ்டூலில் ஹெலிகாப்டரை வைத்து, சாதாரண ஊசிக் காம்பஸை வைத்துத் திசை பார்த்தேன். மூக்கு நேர் கிழக்கே, கடலைப் பார்த்து இருக்கும்போது உங்கள் சாஃப்ட்வேர் 90 காட்ட வேண்டும். காட்டியது 0, அதாவது வடக்கு. தெற்கே திருப்பினால் 180-க்குப் பதில் 90. மேற்கே 270-க்குப் பதில் 180. வடக்கே 0-வுக்குப் பதில் 270. ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருக்கலாம், ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே 90 டிகிரிதான் குறைகிறது.

இரும்போ கரண்டோ குழப்பினால் இப்படி வராது. அந்தப் பிழை திசைக்குத் திசை மாறும், ஒரு பக்கம் கூடும், இன்னொரு பக்கம் குறையும். காலிப்ரேஷன் சரிசெய்வதும் அந்த வகைப் பிழையைத்தான். எல்லாத் திசையிலும் ஒரே அளவு பிழை என்றால், பெட்டிக்குள் காம்பஸ் சிப் இருக்கும் திசைக்கும் மேலே அச்சடித்த அம்புக்குறிக்கும் பொருத்தமில்லை என்று அர்த்தம். எத்தனை முறை சுழற்றினாலும் அது மாறாது. வட்டமடித்ததற்கும் காரணம் இதுதான். கிழக்கே நகர்ந்த ஹெலிகாப்டரை மேற்கே இழுப்பதாக நினைத்துக் கன்ட்ரோலர் வடக்கே தள்ளுகிறது. வடக்கே போனதைத் தெற்கே இழுக்கப் பார்த்தால் மேற்கே போகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி விலகுகிறது.

சந்தேகம் தீர, பிராக்கெட்டை எடுத்துவிட்டு, அம்புக்குறி வலப்பக்கம் பார்க்கும்படி மாட்யூலை டபுள் டேப்பில் ஒட்டிக் காலிப்ரேட் செய்தேன். நான்கு திசையும் சரியாக வந்தன. பெரம்பூர் நண்பர் முன்னால் வாங்கிய, வேறு பேட்ச் எண் உள்ள இதே மாட்யூலை என் ஹெலிகாப்டரில் மாட்டினால், அம்புக்குறி முன்னால் பார்க்கும்போதே சரியாகக் காட்டுகிறது.

அப்படியே திருப்பி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். உங்கள் பிராக்கெட் ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும். சாஃப்ட்வேரில் திசையை மாற்றும் வசதியும் இல்லை. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் பிளேடு சுழலும் மெஷினில், வெயிலில் இளகும் டேப்பை நம்பி ஜிபிஎஸ்ஸை விட முடியாது. அதைவிட, இதே பேட்ச் வாங்கிய யாரோ ஒருவர் ஆள் நிற்கும் இடத்தில் பொசிஷன் ஹோல்டைப் போட்டால் என்ன ஆகும்?

ஆகவே மாட்யூலை மாற்றித் தாருங்கள். உடைந்த பிளேடுக்கும் ஷாஃப்டுக்கும் ஆன செலவைக் கொடுங்கள், பில் இணைத்திருக்கிறேன். இந்தப் பேட்ச் வாங்கிய எல்லோருக்கும் தகவல் அனுப்புங்கள். பச்சை விளக்கு எரிந்ததும் பறக்கவிடலாம் என்கிறது உங்கள் கையேடு. மூக்கை நான்கு திசையும் திருப்பி அளவைச் சரிபார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்று அதில் சேருங்கள்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

கடற்கரையில் எடுத்த வீடியோவில் ஊசிக் காம்பஸும் உங்கள் சாஃப்ட்வேர் திரையும் ஒரே படத்தில் தெரியும். மாட்யூலின் உறையை நான் திறக்கவில்லை, சீல் அப்படியே இருக்கிறது. கூரியர் ஆளை அனுப்பினால் என் கடையில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு மட்டும் விடுமுறை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல்கள், பேட்ச் எண் தெரியும் படம், வீடியோ.