அடிமண்டியைக் கொட்டிவிடாதே

அன்பு நண்பா,

மூன்று மாதமாய்ப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். பெரியவருக்கும் குறையில்லை, அதே கத்தல்தான்.

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் சிரிஞ்சால் எடுத்த நீரை அளந்து நீ அனுப்பிய அட்டவணைக்கு வருகிறேன். மெக்னீசியம் 10.6 என்று எழுதி, தலைப்பில் 'ஊற்று நீர்' என்று போட்டிருக்கிறாயே, அது முழுக்க ஊற்று நீர் இல்லையடா! கடல்நீரில் மெக்னீசியம் கிலோவுக்கு 53 மில்லிமோல். கடலடிப் பாறைக்குள் இறங்கிச் சூடேறும்போது அது ஹைட்ராக்சிலையும் இழுத்துக்கொண்டு களிமண் கனிமங்களுக்குள் போய்விடும். மிஞ்சுகிற ஹைட்ரஜன் அயனிதான் நீரை அமிலமாக்குகிறது. 8-ஐ ஒட்டியிருந்த பிஎச் 3, 4 என்று விழுவது இதனால்தான். கறுப்புப் புகைபோல நீரைக் கக்கும் கரும்புகை ஊற்றின் வாயில் 350 டிகிரியில் பீறிடும் நீரில் மெக்னீசியம் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆக, உன் 10.6 சிரிஞ்சுக்குள் புகுந்த கடல்நீர். ஐந்தில் ஒரு பங்கு! ஒவ்வொரு தனிமத்துக்கும் நீ அளந்த எண்ணிலிருந்து கடல்நீர் அளவில் 0.2 பங்கைக் கழித்து 0.8-ஆல் வகு.

அதற்கு முன் சல்பேட்டைப் பார். கடல்நீரில் 28, அதில் ஐந்தில் ஒரு பங்கு 5.6. உனக்கு 9 வந்திருக்கிறது. கூடுதல் 3.4, பெரும்பாலும் ஊற்று வாயின் புகைக்கூண்டுச் சுவரிலிருந்து உறிஞ்சப்பட்ட அன்ஹைட்ரைட், அதாவது கால்சியம் சல்பேட் கனிமத் துணுக்குதான். அது 150 டிகிரிக்கு மேல் படியும், ஆறினால் கரையும். ஒரு சல்பேட்டுக்கு ஒரு கால்சியம், எனவே கால்சியத்திலும் 3.4-ஐ முதலில் கழித்துவிடு.

இதெல்லாம் கணக்கு, எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். என்னை உறுத்துவது உன் செம்பு. ஏறக்குறைய இல்லை என்கிறாய். ஊற்றில் இல்லாமலில்லை, சிரிஞ்சின் அடியில் கிடக்கிறது. நீர் ஆறியதுமே செம்பு, துத்தநாகம், இரும்பு மூன்றும் சல்பைடாகிக் கறுப்பு மண்டியாய்ச் சுவரிலும் பிஸ்டன் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த நீரை மட்டும் அளந்தால் செம்பு எங்கிருந்து வரும்? மண்டியைத் துளி விடாமல் கழுவி எடு, வடிகட்டு, சூடான அடர் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அள. வந்த அளவை அந்தச் சிரிஞ்சின் மொத்த நீருக்கும் பங்கிட்டுச் சேர். இன்னொன்று, சல்பைடு படியப் படிய ஹைட்ரஜன் அயனி வெளியேறி பிஎச் மேலும் இறங்கும். அதனால் பிஎச்சையும் ஹைட்ரஜன் சல்பைடையும் கப்பலில் சிரிஞ்சைத் திறந்த கையோடு அளந்தாக வேண்டும். மறுநாள் எடுத்த எண்ணை நம்பாதே.

சிரிஞ்சுகளைக் கழுவிவிட்டாயா இல்லையா? அதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
நான்தான்