அந்த 200 ரூபாய் செக்ரோலில் விழுமா?

மேதகு ஜனாதிபதி, நிதியமைச்சர் அவர்களுக்கு,

2025 நவம்பர் 7ஆம் திகதி நீங்கள் பாராளுமன்றத்தில் 2026க்கான வரவு செலவுத் திட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது நான் கொழும்புப் புறக்கோட்டையில், நான் கணக்கெழுதும் மொத்தக் கடையில், பில் புத்தகத்தோடு இருந்தேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ஆகும், அதற்கு மேல் வருகைக்கு அரசாங்கம் 200 ரூபாய் தரும், மொத்தம் 1,750 என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கோல் வந்தது. நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். சந்தோஷத்தைச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, அந்த இருநூறு செக்ரோல்ல விழுமா, இல்ல தனியா தருவாங்களா?"

செக்ரோல் என்றால் தோட்டத்தில் வேலை நாளும் சம்பளமும் பதியும் புத்தகம். அவர் கேட்டது அது ஒன்றுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்திலேயே 1,700 என்றீர்கள், வருஷம் முடியப்போகிறது, அது வரவில்லை. இந்த முறை வெறும் வாக்கோடு நிற்காமல் 5,000 மில்லியன் ரூபாயையும் ஒதுக்கியிருக்கிறீர்கள். எங்கள் சம்பளத்துக்குத் திறைசேரியே நேரடியாகப் பணம் எடுத்து வைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அம்மாவின் கேள்வி சும்மா வந்ததில்லை. கூட்டிச் சேர்த்துச் சொல்லப்பட்ட தொகைகளை அவர் நிறையப் பார்த்துவிட்டார்.

கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாய் என்றார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைப் பங்கு 30. மாதத்தில் நாள் குறைந்தால் அந்த 60 போய்விடும். பிறகு 2019இல் அடிப்படையை 700 ஆக்கி, ஒரேயடியாக 200 ரூபாய் ஏற்றிவிட்டோம் என்றார்கள். வருகைக் காசையும் உற்பத்திக் காசையும் எடுத்துவிட்டு 50 ரூபாய் விலைப் பங்கைச் சேர்த்தார்கள். 730 ஆக இருந்தது 750 ஆனது. இருபது ரூபாய்! லயத்தில், நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் வெடி கொளுத்தவில்லை. 2021 மார்ச்சில் அரசாங்கத்தின் சம்பளச் சபை மூலம் 1,000 வந்தபோதும் 900ஐயும், வரவு செலவுத் திட்டச் சலுகைப் படி என்று 100ஐயும் சேர்த்துத்தான் ஆயிரம் காட்டினார்கள். பல வருஷம் ரோட்டில் இறங்கிக் கேட்ட ஆயிரம் அது. கைக்கு வந்த அடுத்த வருஷமே பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2022 ஆகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனது.

ஆகவே 'வருகை' என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கள் ஆட்களுக்கு ஒரு நடுக்கம். வருகைக் காசு வந்த வழியிலேயே போகும் காசு.

இனி என் தொழில் கணக்கு. 1,550 அடிப்படைச் சம்பளம், அதற்கு ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி உண்டு. அம்மாவிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள், கம்பனி 12 சதவீதம் போடும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி இன்னும் 3. அந்த 200 சம்பளமாகக் கணக்கில் ஏறினால் கம்பனி நாளுக்கு 30 ரூபாய் மேலதிகமாகச் செலுத்த வேண்டும். ஏறாவிட்டால், மாதம் 20 நாள் வேலை என்று வைத்தால் அம்மாவுக்கு 600 ரூபாய் நட்டம், வருஷத்துக்கு 7,200, பத்து வருஷத்தில் வட்டியில்லாமலே 72,000. ஐம்பத்தைந்து வயதில் பேர் வெட்டிக்கொண்டு, அதாவது வேலையிலிருந்து நின்று, வீட்டில் உட்காரும் பெண்ணுக்கு இது கூரைத் தகரம் மாற்றும் காசு. சேமலாபம் எடுத்துத்தான் எங்கள் லயத்தில் எல்லாரும் கூரை மாற்றியிருக்கிறார்கள், அல்லது மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் நாள். 5,000 மில்லியனை 200ஆல் வகுத்தால் இரண்டரைக் கோடி ஆள்நாட்கள். மாதம் 20 நாள் என்றால் சுமார் 1,04,000 பேருக்குப் போதும். அந்த 20 நாளை யார் தருகிறார்கள்? அம்மா காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகாத நாள் அபூர்வம். வேலை இருக்கிறதா இல்லையா என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. மலையில் கொழுந்து இல்லையென்றால் வாரத்தில் மூன்று நாள்தான் பேர்; ஒரு நாள் வேலை பதிந்தால் அது ஒரு பேர். கொழுந்து இருந்தும் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம். முன்பு கூட்டு ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 300 நாள் வேலை தரவேண்டும் என்றாவது எழுதியிருந்தது. 2021க்குப் பிறகு அந்த ஒப்பந்தமே இல்லை. வேலை கொடுக்காத நாளுக்கு வருகைக் காசு எங்கிருந்து வரும்? அரைப்பேர் போட்ட நாளுக்கு நீங்கள் தரப்போவது 200ஆ, 100ஆ? 'வருகை ஊக்குவிப்பு' என்று பெயர் வைத்தவர் எங்கள் ஆட்கள் வேலைக்கு வராமல் தூங்குகிறார்கள் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

ஓகஸ்ட் சம்பளச் சீட்டு என்னிடம் இருக்கிறது. 14 பேர், அதாவது 14 நாள் வேலை. 18,900 ரூபாய். சேமலாபம் 1,512, தீபாவளி முற்பணக் கழிவு 2,000, சங்கச் சந்தா, கோயில், தேயிலைத்தூள் எல்லாம் சேர்த்து 600. கையில் 14,788. அதே 14 நாளை உங்கள் புதிய கணக்கில் போட்டால், 200ஐயும் சேர்த்து, கையில் 20,164 வரும். கூடத்தான் கூடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வரும் ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. எனக்கும் என் கடையில் மூட்டை தூக்கும் பையனுக்கும் அது சட்டம். அம்மா கழிவுகளுக்கு முன்பே அந்தத் தொகையைத் தொட 1,750 வீதம் பதினெட்டாவது பேர் விழ வேண்டும். உயர்வு தொடங்கும் ஜனவரியிலேயே எங்கள் பக்கம் பனி விழுந்து கொழுந்து கருகும், பெப்ரவரியில் வெயில். அந்த இரண்டு மாதமும் 12 பேர் விழுந்தாலே பெரிது.

பணம் யாருடையது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். அம்மா சவர்க்காரம் வாங்கினாலும் போனுக்கு ரீலோட் போட்டாலும் அதில் திறைசேரிக்கு ஒரு பங்கு போகிறது. அந்தப் பங்கிலிருந்துதான் அவருக்கு 200 திரும்பி வருகிறது. 1992இல் தோட்டங்களை நிர்வகிக்கக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், பிறகு குத்தகை என்றார்கள். நிலம் இன்றும் அரசாங்கத்துடையது. அந்தக் கம்பனிகளில் திறைசேரிக்குப் பொற்பங்கு என்ற சிறப்புப் பங்கு இருக்கிறது, கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும் அதோடு இருக்கிறது. 200 ரூபாயைத் தாங்கமாட்டோம் என்று ஒரு கம்பனி சொன்னால் புத்தகத்தைக் கேளுங்கள். உண்மையிலேயே தாங்க முடியாதென்றால் உதவுங்கள். தாங்க முடிந்த கம்பனிக்கும் ஏன் பொதுப்பணம்? நான் கடைக் கணக்கன், எனக்கே இது உறுத்துகிறது.

வாக்கெடுப்புக்கும் ஜனவரிக்கும் இடையில் வர்த்தமானியோ சுற்றறிக்கையோ எழுதப்படும். அதில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும். 200 ரூபாய்க்கும் சேமலாபம் உண்டு. பிரட்டுக்கு வந்து வேலை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டால் அதுவும் வருகைதான். அரைப்பேருக்கு 200 பாதியாகாது. 2027இல் இந்த ஒதுக்கீடு நின்றுபோனால் அந்தத் தொகையைக் கம்பனி அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குக் கம்பனிகள் சம்மதிக்காது என்பது தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், அவர்களுக்கு எழுதவில்லை.

ஜனவரிச் சம்பளம் பெப்ரவரி பத்தாம் திகதி போடுவார்கள். அன்று இரவு அம்மா வழக்கம்போலச் சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். கண் சரியாகத் தெரியாததால் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். இந்த முறை முதலில் எந்த வரியைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கொழுந்துக்காரி ஒருவரின் மகன்
கொழும்பு, 2025 நவம்பர்