அந்த இடக்கைப் பையனை ஆட விடு

மாப்ள,

வீட்டில் எல்லாரும் சுகமா? அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே பிலடெல்பியாவில் எல்லாரும் நலம், குளிர்தான் இன்னும் விடவில்லை. ரொம்ப நாளாக எழுதவில்லை என்று நீ திட்ட ஆரம்பிப்பதற்குள் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம பழைய டீம் ஒட்டகம், நீ கோச்சாக இருக்கும் காலேஜ் பாஸ்கெட்பால் டீமின் ஃபைனல் வீடியோவை அனுப்பினான், முழுதும் பார்த்தேன். தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாவது குவார்ட்டரில் அந்த இடக்கைப் பையன் கார்னரிலிருந்து, மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்று, இரண்டு த்ரீ போட்டான், இரண்டுமே ரிங்கில் பட்டு வெளியே வந்தன, உடனே அவனைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தாய் பார், அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவன் போட்ட இரண்டும் நல்ல ஷாட். பக்கத்தில் ஒருத்தனும் இல்லை, கால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தது, பந்து கைக்கு வந்ததும் ஒரே அசைவில் போய்விட்டது. வேறென்ன வேண்டும் உனக்கு? எதிர் டீம் ஐந்து பேரும் கல்யாணப் பந்தியில் இடம் பிடித்த மாதிரி ரிங்குக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், நீ கோட்டுக்கு வெளியே நின்று "உள்ள குடுடா, உள்ள குடுடா" என்று கத்துகிறாய். உள்ளே எங்கே கொடுப்பான்? அங்கேதான் இடமே இல்லையே!

நம்ம கோச் சார் நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், ஒத்துக்கொள்கிறேன். தூரத்திலிருந்து எறிந்தால் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு. ஆனால் அப்போது நம்மிடம் ஒட்டகம் இருந்தான் மாப்ள! கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தூக்கிப் போட்டாலும் பிடித்துப் போட்டுவிடுவான். இப்போது உன் டீமில் ஒட்டகம் எங்கே? ரிங்குக்கு அடியில் ஆட வேண்டிய உன் சென்டரே நம்ம குட்டையை விட நாலு விரல்தான் கூட இருப்பான் போலிருக்கிறது. உயரம் இல்லாத டீம் உள்ளே போய் முட்டிக்கொண்டே இருந்தால் யாருக்கு லாபம்? நம்மூர் காலேஜ் டீம்களில் பாதிக்கு மேல் இதே கதைதான், அதனால்தான் த்ரீ நமக்கு மற்றவர்களை விட அதிகமாக வேண்டும் என்கிறேன்.

இந்த ஊருக்கு வந்த பிறகுதான் காலேஜ் பாஸ்கெட்பாலை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்திலேயே வில்லனோவா இருக்கிறது, பார்க்காமல் இருக்க முடியாது. 2018 தேசியக் காலேஜ் போட்டியின் அரையிறுதியில் அவர்கள் கன்சாஸை 95-79 என்று அடித்தார்கள், அந்த ஒரு மேட்சில் மட்டும் 18 த்ரீ. அந்த சீசன் முழுக்க 464, அதுவரை எந்தக் காலேஜும் ஒரே சீசனில் அத்தனை போட்டதில்லை. எண்ணிக்கையை விடு, அவை எப்படி விழுந்தன என்பதுதான் விஷயம். கன்சாஸின் சென்டர் உடோகா அசுபுயிகே ஏழடி ஆள், ரிங்குக்கு அடியில் நின்றால் அசைக்க முடியாது. வில்லனோவாவின் சென்டர் ஓமரி ஸ்பெல்மேனோ த்ரீ லைனுக்கு வெளியே வந்து நின்றுகொள்வான், அங்கிருந்து போடவும் செய்வான். அவனைக் காக்க அசுபுயிகே வெளியே வந்தாக வேண்டும், வந்தால் உள்ளே காலி, வராவிட்டால் மூன்று பாயிண்ட். த்ரீ விழுவது மட்டும் லாபமில்லை, விழுந்துவிடுமோ என்ற பயத்தில் எதிராளி இரண்டு எட்டு முன்னால் வந்து நிற்கிறான் பார், அந்த இரண்டு எட்டில்தான் உன் பையன்கள் ரிங்குக்கு அடியில் புகுந்து சுலபமாக லே-அப் போடப் போகிறார்கள். நீ ஆசைப்படும் உள் ஆட்டத்துக்கு வழியே வெளியிலிருந்துதான் கிடைக்கிறது.

கணக்கும் ரொம்ப சாதாரணம்தான். பத்து தடவை உள்ளே போட்டு ஐந்து விழுந்தால் பத்து பாயிண்ட். வெளியிலிருந்து பத்து போட்டு நாலு விழுந்தால் பன்னிரண்டு. உன் டீம், ரிங்கைச் சுற்றி இடம் பிடித்து நிற்கும் அந்த ஜோன் டிஃபென்ஸுக்குள் புகுந்து, இரண்டு பேர் கை மேல் போட்டதில் பாதி விழுந்ததா என்று வீடியோவை ஓட்டிப் பார். உள்ளே போனால் ஃபவுல் கிடைக்கும், ஃப்ரீ த்ரோ கிடைக்கும் என்பாய், அது நியாயம்தான். ஆனால் உன் பசங்க ஃப்ரீ த்ரோ போடும் லட்சணத்தைப் பார்த்தபின் அதை நம்பி எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

சரி, அதே 2018-ல் நடந்த இன்னொன்றைக் கேள். வர்ஜீனியா அந்த வருஷம் நாட்டிலேயே மிகக் குறைவாக பாயிண்ட் விட்டுக்கொடுத்த டீம், போட்டித் தரவரிசையில் முதல் இடம் கொடுக்கப்பட்டவர்கள். அவர்கள் டிஃபென்ஸும் உள்ளே நெருக்கி நிற்கும் ரகம்தான், வெளியே போட்டால் போட்டுக்கொள் என்று விடுவார்கள். அவர்களை முதல் ரவுண்டில் யூ.எம்.பி.சி. என்ற சின்னக் காலேஜ் 74-54 என்று ஜெயித்தது. ஆண்கள் போட்டியில் தரவரிசையில் 16-ஆம் இடத்து டீம் முதல் இடத்து டீமை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பாதி நேரத்தில் 21-21. யூ.எம்.பி.சி.யின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன், கே.ஜே. மௌரா 5 அடி 8 அங்குலம்தான், நம்ம குட்டை உயரம். மேட்ச் முடியும்போது யூ.எம்.பி.சி. 24 த்ரீ போட்டு 12 விழுந்திருந்தது, வர்ஜீனியாவுக்கு 22-ல் 4. உயரத்துக்கும் பெயருக்கும் முன்னால் அந்தப் பையன்கள் வேறு எதை வைத்து நின்றிருக்க முடியும், நீயே சொல்.

நீ இண்டியானா காலேஜ் கோச் பாப் நைட் பெயரைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பாய் என்று தெரியும், சாருக்கும் அவர்தான் தெய்வம். 1986-87-ல் இங்கே எல்லாக் காலேஜுக்கும் த்ரீ லைன் வந்தபோது அதைப் பிடிக்காதவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் அந்த முதல் வருஷமே ஃபைனலில் அவருடைய இண்டியானா சிரக்யூஸை 74-73 என்று ஜெயித்தது, ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் 10 த்ரீ போட்டு 7 விழுந்தது. அவர் மனசுக்குப் பிடிக்காததற்காக ஆல்ஃபோர்டை பெஞ்சில் உட்கார வைக்கவில்லை மாப்ள! இதையும் சொல்லிவிடுகிறேன், அரையிறுதியில் அதே இண்டியானாவுக்கு எதிராக யூ.என்.எல்.வி. காலேஜ் 13 த்ரீ விழுந்தும் தோற்றது. அதனால் எல்லாரையும் கண்டபடி எறியச் சொல்லவில்லை. உன் டீமில் அந்தக் கறுப்பு ஹெட்பேண்ட் பையன் ஓடிக்கொண்டே, கை மேல் ஆளை வைத்துக்கொண்டு போடுகிறானே, அவனை நிறுத்து, தாராளமாகத் திட்டு. அவனுக்கும் இடக்கைப் பையனுக்கும் ஒரே சட்டம் என்றால் அதுதான் அநியாயம்.

அப்புறம், பயிற்சி. உங்கள் காலேஜில் இன்னும் சிமெண்ட் கோர்ட்தான் என்று ஒட்டகம் சொன்னான். திறந்தவெளி, சாயங்காலக் காற்று, தேய்ந்து வழவழப்பான பந்து, இதெல்லாம் எனக்கும் மறக்கவில்லை. காற்று இல்லாத காலை நேரத்தில் ஷூட்டிங்கை வை. நின்ற இடத்தில் நின்று போடுவதை எண்ணாதே, ஒரு முனையிலிருந்து ஓடி வந்து, பாஸ் வாங்கி, மூச்சு வாங்கும்போதே போடச் சொல். நாலாவது குவார்ட்டரில் கால் தளர்ந்ததும் பந்து ரிங்கின் முன் விளிம்பில் இடிப்பது அதனால்தான், கையில் கோளாறு இல்லை. கார்னரில் நிறைய போடட்டும், 6.75 மீட்டர் த்ரீ லைன் அங்கே 6.60-தான். பாஸ் கொடுப்பவனுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடு. வீடியோவில் இடக்கைப் பையனுக்கு வந்த பாஸ் இரண்டும் முழங்காலுக்கு வந்தன, குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் பாதி ஷாட் போய்விடுகிறது. தவறிய த்ரீ தூரமாகத் தெறிக்கும், தெறித்த பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்கு, வெளியே ஆடும் உன் கார்டுகள்தான் போக வேண்டும், ரிங்குக்கு அடியில் நிற்கும் போஸ்ட் ஆட்கள் இல்லை. நாலு பேரைப் பொறுக்கி எடு, "ஓபனாக இருந்தால் போடு, தவறினாலும் உன்னை வெளியே எடுக்க மாட்டேன்" என்று வாயால் சொல். அதைச் சொல்வது உனக்குக் கஷ்டம் என்று தெரியும்.

அந்தப் பையன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன், வீட்டில் அவன்தான் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் என்று கேள்விப்பட்டேன். ஹாஸ்டல், மெஸ் எல்லாம் இந்த ஆட்டத்தை நம்பித்தான் ஓடுகிறது. பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்ப உள்ளே இறக்கியபோது ஆளே இல்லாத இடத்தில் பந்து வந்தது, போடாமல் பாஸ் கொடுத்துவிட்டான், கவனித்தாயா? பயந்துவிட்டான். கை நன்றாக இருக்கும் ஒரு பையன் போடப் பயப்படுவதை என்னால் பார்க்க முடியவில்லை. நாளைக்கே கூப்பிட்டுப் பேசு, தயவுசெய்து.

உன் மகள் ஸ்கூல் டீமில் சேர்ந்திருக்கிறாளாமே, ரொம்ப சந்தோஷம். அயோவா காலேஜில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய மேட்ச்களை அவளுக்குப் போட்டுக் காட்டு. 2024 பிப்ரவரியில் மிச்சிகனுக்கு எதிராக, நடு கோர்ட் பக்கத்திலிருந்து ஒரு த்ரீ போட்டுத்தான் பெண்கள் காலேஜ் (என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவு) ஸ்கோரிங் சாதனையை முறியடித்தாள், அன்றைக்கு மட்டும் 49 பாயிண்ட். அவ்வளவு தூரத்திலிருந்து இப்போதே எறிய வேண்டாம் என்று சொல், தோள் வீணாகும். முதலில் கிட்ட நின்று கை சரியாக வரட்டும்.

அடுத்த மேட்சை ஒட்டகத்திடம் சொல்லி மாடியிலிருந்து எடுக்கச் சொல், இந்த வீடியோவில் பாதி நேரம் யாரோ ஒருவரின் குடைதான் தெரிகிறது. அம்மாவுக்கு வாங்கிய முட்டி பெல்ட்டைக் குட்டையின் தங்கையிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல்.

அன்புடன்,
உன் பழைய கார்டு