உடைந்த கல்லின் மேல் ஒரு பாதை

கிளிநொச்சி
ஆவணி

அன்பு மகளுக்கு,

நீ சைக்கிள் ஓடிய வீடியோவை அம்மா மூன்று தரம் பார்த்தாள். மூன்று தரமும் ஒரே கேள்விதான்: "தலைக்குப் போடுகிற தொப்பி எங்கே?" அதற்கு முதலில் பதில் எழுதிவிடு. மற்றதைப் பிறகு கதைக்கலாம்.

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஹம்பர் ஆற்றின் வெள்ளை வளைவுப் பாலத்தில் ஏறி, ஏரிக்கரையோடு கிழக்கே பீச்சஸ் வரை வந்திருக்கிறாய். தார் போட்டு நடுவில் கோடும் கீறிய பாதை. 1984இல் திறந்து, மார்ட்டின் குட்மன் என்ற பத்திரிகை ஆசிரியரின் பெயரை வைத்தார்களாம். பத்திரிகைக்காரனின் பெயரில் பாதை போட்ட ஊரை நான் அதற்காகவே மதிக்கிறேன். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது என்று பலகை இருந்தும் எல்லாரும் உன்னை முந்திப் பறக்கிறார்கள் என்று குறைப்பட்டாய். பறக்கட்டும், விடு. என் சைக்கிள் கடைசியாக இருபதைத் தொட்டது வட்டக்கச்சி வளைவில் காட்டுக் குழுவன் மாடு துரத்திய அன்றுதான்.

நீ ஓடப் பழகிய சைக்கிள் உனக்கு நினைவிருக்கும். வன்னிக்குள் பெற்றோல் வர விடாத போர்க்காலம். பிறேக் கட்டை தேய்ந்துபோய், பழைய செருப்பை வெட்டி வைத்துக் கட்டியிருந்தேன். இரணைமடுக் குளக்கட்டில் நீ பாருக்குக் கீழால் காலை விட்டு உழக்குவாய், நான் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். இரவில் அதே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி, பிபிசி தமிழோசை கேட்போம். கையால் மிதியைச் சுற்றுவது உன் வேலை. நீ தூங்கி வழிந்தால் செய்தியும் வழியும். அந்தக் கை இன்று கியர் மாற்றுவதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

சரி, நான் எழுத வந்தது இதுவல்ல. செரி வீதிப் பக்கம் விலகிப் போனபோது, "இது புது ஆறு அப்பா, வெட்டினது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உழக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் அங்கேயே வீடியோவை நிறுத்திவிட்டேன். முப்பது வருசம் குளத்துத் துருசு திறந்து மூடி வயலுக்குத் தண்ணீர் விட்டவனிடம் ஆறு வெட்டினார்கள் என்று சொல்லிவிட்டு ஓடலாமா?

மருமகனைப் பிடித்து விசாரித்தேன். டொன் ஆறு ஏரியில் விழுகிற இடத்தில் ஆஷ்பிரிட்ஜ் குடா என்று பெரிய சதுப்பு இருந்ததாம். 1912இல் திட்டம் போட்டு, பிறகு அதைத் தூர்த்துத் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நிலமாக்கினார்கள். ஆற்றை ஒரு கட்டுவாய்க்காலுக்குள் விட்டு, கடைசியில் செங்கோணமாக மடக்கித் திருப்பினார்கள். தண்ணீர் அப்படித் திரும்பாது பிள்ளை. வயலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டுகிறவன்கூட முடக்கில் கொஞ்சம் சரித்துத்தான் வெட்டுவான். பெரிய மழைக்கு அது ஊருக்குள் ஏறத்தானே செய்யும்? இப்போது நூறு கோடி டொலருக்கு மேல் கொட்டி, ஆற்றுக்கு வளைந்து போக இடம் வெட்டி, ஓரத்தில் நாணலும் சேறும் திரும்ப வைத்து, 2024இல் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். சதுப்பு என்றால் வெறும் சேறு என்றுதான் எங்கும் நினைக்கிறார்கள். வெள்ளம் வந்து இருந்துவிட்டுப் போகிற திண்ணை அது. இங்கேயும் சின்னக் குளங்களின் அலைகரையை, குளம் நிரம்பினால் தண்ணீர் பரவுகிற அந்த ஓரத்தை, பிடித்து வேலி போட்டவர்களை எனக்குத் தெரியும். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்தபோது நாங்கள் பட்ட பாடு உனக்கும் தெரியும். அலைகரை எதற்கு இருக்கிறது என்று நான் அப்போது சொன்னேன், கேட்க ஆளில்லை.

அதையும் விட என்னைப் பிடித்து வைத்தது நீ கடைசியாகப் போன லெஸ்லி வீதி முனை. ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீளுகிற அந்த நிலம் கடவுள் படைத்ததில்லை, லொறி படைத்தது என்றாயே, அது. 1950களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்பாக இருக்கட்டும் என்று, இடித்த கட்டடங்களின் கல்லையும் கொங்கிறீற்றையும் கிண்டிய மண்ணையும் கொண்டுபோய்க் கொட்டத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. காற்றில் விதை வந்தது, மரம் வந்தது, குருவி வந்தது. இன்றைக்கும் கிழமை நாட்களில் பகலில் லொறிகள் போவதால் நாலு மணிக்குப் பிறகுதான் ஆட்களை விடுகிறார்கள். நாய்க்கு எந்த நாளும் இடமில்லை. வட அமெரிக்காவிலேயே நீர்க்காகம் அதிகமாகக் கூடு கட்டுகிற இடம் இப்போது அதுதானாம். எச்சத்தால் மரமெல்லாம் பட்டுப்போகிறது என்று அங்கே சிலருக்கு எரிச்சல் என்றாய். குளத்துக்குள் நிற்கிற பட்ட மரத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்து ஈரம் காயவிடுவதைப் பார்த்துத்தான் நான் தினமும் தேத்தண்ணீர் குடிக்கிறேன். பட்ட மரம் இல்லாவிட்டால் அது எங்கே போய்க் காய்வது?

உன் வீடியோவில் கரையோரம் ஒரு இடத்தில், அலை தேய்த்த செங்கல் துண்டுகள் பாண் துண்டு மாதிரி மழமழவென்று கிடந்தன. நடுவில் துருப்பிடித்த கம்பி. இரண்டு செக்கன்தான். அம்மாவும் கண்டாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

போர் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் நின்றது கிணற்றுக்கட்டும் ஒரு அரைச் சுவரும். மற்றதெல்லாம் குவியல். அதை அள்ளிக் கொட்ட லொறி பிடிக்கக் காசில்லை. மாரி தொடங்கினால் ஒழுங்கை முழங்கால் சேறு. எனவே நானும் அம்மாவும் எங்கள் வீட்டை வாளி வாளியாக அள்ளி ஒழுங்கையில் போட்டோம். பக்கத்து வீட்டாரும் தங்கள் வீட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். அதன் மேல்தான் பிறகு கிறவல் விழுந்தது. ஒவ்வொரு மழைக்கும் கிறவல் கழுவுப்பட்டுக் கல் வெளியே தெரியும். படலையிலிருந்து நாலாவது அடியில் நீலப்பூச்சு ஒட்டிய துண்டு ஒன்று இருக்கிறது, உன் அறைச் சுவர். நீ அடம்பிடித்து வாங்கிய நீலம். போன மாரியில் அதன் மேல் போனபோது முன் ரயர் ஒரு துள்ளு துள்ளியது. வரவர மேலே வருகிறது. தோண்டி எடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை, விலத்தி ஓடுகிறேன்.

சைக்கிள் நல்லாயிருக்கிறது. பின் ரயர் புதிது, மணி மட்டும் அடிக்காது. மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு அனுப்பாதே, அனுப்பினால் கூரைக்குத்தான் போகும்.

அடுத்த சனிக்கிழமை அந்த முனைக்குப் போனால் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கரை வரை போ. கல்லைப் படம் எடுத்து அனுப்பு. நிறம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார். பறவை வேண்டாம், பறவை இங்கே இருக்கிறது.

அம்மா கேட்டதற்குப் பதில் மறக்காதே.

அன்புடன்,
அப்பா