சேலைக்கு மேல் ஒரு கோட்டு

மயூர் விஹார், டெல்லி
மாசி மாதம்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். ஆண்கள் இரண்டாம் நாளே "எல்லாம் சரியாகிவிட்டது" என்று குப்பியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

இங்கே எல்லாரும் சுகம். குளிர் ஒரு வழியாக இறங்கிவிட்டது. மொட்டை மாடியில் காலை வெயில் இனி கொஞ்ச நாள்தான் சுகமாக இருக்கும், அப்புறம் அடுத்த தீபாவளி வரை அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. மகள் குருகிராமிலிருந்து மாதம் ஒருமுறை வந்து, என் சமையலையும் கண் கண்ணாடியையும் குறை சொல்லிவிட்டுப் போகிறாள்.

கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாயே, சரோஜினி நகரில் கூவிக் கூவிக் கோட்டு விற்கிற ஊரில் இருந்துகொண்டு, ஐப்பசியில் ஆரம்பித்த ஒரே கோட்டை இன்னுமா தைத்துக்கொண்டிருக்கிறாய் என்று. ஆமாம், இன்னும்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குளிருக்கு அது ஆகவில்லை. அடுத்த குளிருக்கு ஆகும்.

மார்கழிக் காலையில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வந்து பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டாய். சேலை கட்டுகிற நம் பெண்கள் எல்லாரும் ஒரே கோலம்தான். முந்தானைக்கு மேல் ஒரு கார்டிகன், அதற்கு மேல் சால்வை, காலில் கட்டைவிரல் பிரித்த சாக்ஸ். சால்வை நழுவிக்கொண்டே இருக்கும். கார்டிகன் இடுப்போடு நின்றுவிடும், அதற்குக் கீழே ஐந்து டிகிரிக் குளிர் நேராகக் காலைப் பிடிக்கும். சரி, கோட்டு வாங்கலாம் என்றால் கடையில் தொங்குகிற அத்தனையும் சட்டை பேன்ட்டுக்காக வெட்டியது. நம் இடது தோளில் முந்தானை மடிப்பு மடிப்பாக ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இடது பக்கம் தூக்கிக்கொண்டு வலது பக்கம் தொங்கும். கொசுவத்துக்கு மேல் பட்டன் போட்டால் வயிறு இரண்டு மடங்காகத் தெரியும், போடாவிட்டால் குளிர். இத்தனை வருஷம் இதைச் சகித்துவிட்டு, இனி நாமே தைத்தால் என்ன என்று தோன்றியதுதான் ஆரம்பம்.

சேலை கட்டி, முந்தானையை மடித்துப் பின் குத்தி, அதற்கு மேல்தான் டேப் வைத்து அளவெடுத்தேன். இடது தோளும் வலது தோளும் ஒரே அளவில் வரவே இல்லை. வழக்கமாகத் துணியை இரண்டாக மடித்து ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கமும் தானாக வந்துவிடும் அல்லவா, இதில் அது நடக்காது. இடது முன்பாகம் தனி, வலது தனி. தோள்சரிவு இடப்பக்கம் குறைவு, கைக்குழி பெரிது. இடுப்புக்குக் கீழே கொசுவத்துக்கு இடம் விட்டு அகலம் கொடுத்தேன். நீளம் முட்டிக்குக் கொஞ்சம் கீழே, சேலையின் கரை தெரிய வேண்டும். மெட்ரோவில் ஏறி இறங்கப் பின்னால் ஒரு திறப்பு. இவருடைய பழைய வேட்டி ஒன்றில் முதலில் வெள்ளோட்டம் பார்த்தேன். வேட்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி இறக்கிப் பார்த்ததை இவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

துணி கன்னாட் பிளேஸ் பக்கத்தில் சங்கர் மார்க்கெட்டில் எடுத்தேன். மிளகு நிறம், கனமான கம்பளி, 58 அங்குல அகலம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கத்திரி வைக்க முடியாது என்பதுதான் முதல் பாடம். கம்பளி இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்குவதைவிட முன்னாலேயே சுருங்கட்டும் என்று ஈரப் படுக்கை விரிப்போடு சேர்த்துச் சுருட்டி ராத்திரி முழுக்க வைத்து, மறுநாள் நிழலில் பரப்பிக் காயவிட்டேன். துணிக்கு அவசரம் கிடையாது. அது காய்கிறவரை நமக்கும் வேலை கிடையாது.

பெரிய வேலை என்றாலே மலைப்பு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒரு பிளவுஸ் தைக்க உட்கார்ந்து பார், மனசுக்கு ஓய்வே இருக்காது. கழுத்து வட்டமா பானையா, கை எவ்வளவு நீளம், பைப்பிங் வேண்டுமா, ஹூக் முன்னாலா பின்னாலா என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்து முடிக்கும்போது பிளவுஸும் முடிந்துவிடும். அடுத்த பிளவுஸுக்கு மறுபடியும் முதலிலிருந்து. கோட்டில் யோசனையெல்லாம் கத்திரி வைக்கிறவரைதான். வெட்டியாகிவிட்டால் அப்புறம் மாதக்கணக்கில் கைவேலை. இன்றைக்கு என்ன செய்வது என்று காலையில் கேட்டுக்கொள்ள வேண்டியதே இல்லை, நேற்று ஊசி நின்ற இடம் சொல்லிவிடும். ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் பாரமாக இருந்தது வேலை இல்லாதது இல்லை, ஒவ்வொரு நாளையும் புதிதாக நிரப்ப வேண்டியிருந்தது. இந்தக் கோட்டு அந்தத் தொல்லையை எடுத்துக்கொண்டது.

பாளையங்கோட்டையில் தையல் லோயர் பரீட்சைக்கு நாம் ஜம்பரும் பாவாடையும் தைத்தோமே, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து! சீக்கிரம் முடிப்பவள்தான் கெட்டிக்காரி என்று அப்போது மனசில் ஏறியது. அதை இறக்க எனக்கு இந்த வயசு ஆகியிருக்கிறது.

காலர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், உனக்குப் பிடிக்கும். காலருக்குள் வைக்கிற கேன்வாஸில் ஊடையாகக் குதிரைவால் முடி வைத்து நெய்திருக்கிறார்கள். கசக்கிவிட்டாலும் துள்ளி நிமிர்ந்துகொள்ளும். அந்தக் கேன்வாஸையும் அடிக்காலர்த் துணியையும் சேர்த்து, இடது ஆட்காட்டி விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னச் சாய்வுத் தையலாக வரிசை வரிசையாகப் போட வேண்டும். ஊசி கம்பளியில் ஒரே ஒரு இழையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், மறுபக்கம் தெரியக் கூடாது. நூலை இழுத்துவிட்டால் குழி விழும், தளர விட்டால் பிடிப்பு இருக்காது. வளைத்தபடியே தைப்பதால் உள்ளடுக்கு வெளியடுக்கைவிடக் கொஞ்சம் குறைவான நீளத்தில் நின்றுவிடுகிறது. அதனால் விரலை எடுத்த பிறகும் துணி அந்த வளைவிலேயே நிற்கும். இஸ்திரி போட்டு மடித்தது இல்லை, தைத்தே மடித்தது. மலிவு விலைக் கோட்டில் இந்த வேலைக்குப் பதிலாகப் பசை தடவிய துணியைச் சூடு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். நாள்பட்டால் பசை விட்டு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், பார்த்திருப்பாய்.

ஒரு உட்காரலில் இரண்டு விரல் அகலம் நகர்ந்தால் அன்றைக்கு நல்ல நாள். மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, முதுகில் வெயில் வாங்கிக்கொண்டு தைப்பேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஸ்வெட்டர் பின்ன வந்து உட்காருவார். தினமும் "கோட் பன் கயா?", கோட்டு ஆகிவிட்டதா என்று கேட்பார், நான் "நஹி", இல்லை என்பேன், இருவரும் வேலையைப் பார்ப்போம். அவர் இந்தக் குளிரில் பேரனுக்கும் மருமகளுக்கும் ஸ்வெட்டர் பின்னி முடித்து மூன்றாவதில் கை வைத்திருக்கிறார். எனக்குப் பொறாமையே வரவில்லை என்றால் நம்புவாயா?

கை பொருத்தியது இன்னொரு ருசி. கையின் மேல் வளைவு கைக்குழியைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமாகத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்க வராது. ஆனால் சுருக்கமும் தெரியக் கூடாது. இரண்டு வரி ஓட்டுத்தையல் போட்டு லேசாக இழுத்து, மரத்தூளைக் கெட்டியாக அடைத்த பைமேல் வைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். ஆவி புஸ்ஸென்று எழும்ப, சுருக்கங்கள் ஒவ்வொன்றாகக் கம்பளிக்குள்ளேயே அடங்கிவிட்டன. ஆறியதும் பையிலிருந்து எடுத்தால் தேங்காய்ச் சிரட்டை மாதிரி உருண்டு நின்றது. பருத்தியில் இது நடக்கவே நடக்காது. அன்று சாயங்காலம் சமையல் தாமதமாகி, கிச்சடியோடு நிறுத்திக்கொண்டேன்.

நீளத் தையல்கள் மட்டும் மெஷினில், மாமியாருடைய பழைய உஷாவில். ஊசி 100 நம்பர், அதாவது ஒரு மில்லிமீட்டர் தடிமன். தடித்த இடங்களில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினேன். மெஷின் சத்தம் கேட்டால் போதும், இவருக்குக் காந்தி நினைவு வந்துவிடும். எந்திரத்துக்கே எதிரி என்று பேர் வாங்கியவர், 1924-இல் ஒருவர் கேட்டபோது சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தாராம். மனைவி கையால் தைத்துப் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியின் எண்ணம். நிஜத்தில் அது வியாபாரம்தான். எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-லேயே தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், 1851-இல் வந்த சிங்கரோடு வழக்காடிப் பணமும் வாங்கினார். இதைச் சொன்னால் இவருக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

இனி உன் போர்வைக்கு வருகிறேன். பழைய சேலைகளைச் சேர்த்துப் பேத்திக்குப் போர்வை தைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய், பாதி முடித்து மடித்து வைத்துவிடுவேனோ என்று பயமும் பட்டிருக்கிறாய். சுங்குடியும் கண்டாங்கியும் சேர்த்துப் போடு, ரெண்டும் பருத்தி, ஒத்துப்போகும். அந்த நைலக்ஸ் நைலான் சேலையை மட்டும் தயவுசெய்து எடுத்து வைத்துவிடு. ஒன்று சுருங்க, ஒன்று சுருங்காமல் நின்றால் முதல் சலவையிலேயே போர்வை முறுக்கிக்கொள்ளும். சிவப்புச் சுங்குடியை நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார், சாயம் ஒட்டினால் தனியாக இரண்டு மூன்று தண்ணீர் பார்த்துவிட்டுச் சேர்.

முழுப் போர்வைக்கும் முன்கூட்டியே கட்டம் போட்டு உட்கார வேண்டும் என்று இல்லை. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். அடித்துணியாக ஒரு சேலையை விரித்து, ஓரத்திலிருந்து துண்டுகளை வைத்துக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ ஒன்று வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முழுமை. உனக்கு இந்த முறைதான் சரிப்படும் என்று நினைக்கிறேன். சுற்று உள்ளே போகப் போகச் சிறிதாகிக்கொண்டே வரும், வேலை குறைகிறது என்று கைக்கே தெரியும். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கிற கந்தாவில் தையல் நூலைக்கூட விலைக்கு வாங்காமல் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பார்களாம். நீ அந்த அளவுக்குப் போக வேண்டாம், கடையில் நல்ல பருத்தி நூல் வாங்கு. பேத்தி நடக்கிறதுக்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும் கெடு வைத்துக்கொள்ளாதே. அவள் பள்ளிக்கூடம் போகும்போது கொடுத்தால் என்ன? அப்போதும் தூங்கத்தானே போகிறாள்.

என் கோட்டில் இன்னும் லைனிங் பாக்கி. அம்மாவின் ஆரணிப் பட்டு ஒன்று இருக்கிறது, அரக்கு நிறம், உனக்கு நினைவிருக்கும், என் கல்யாணத்துக்கு முந்தின நாள் கட்டியிருந்தாள். மடிப்பு மடிப்பாக இற்றுப்போன இடங்களை விட்டால் உடல் பகுதி நன்றாகவே இருக்கிறது. காஞ்சிபுரமாக இருந்தால் கனம் தாங்காது, ஆரணி லேசு. சேலைமேல் கோட்டு வழுக்கிக்கொண்டு இறங்கவும் பட்டுதான் நல்லது, பருத்தி வைத்தால் முந்தானையைப் பிடித்து இழுக்கும். கம்பளி கொடுக்கிற அளவுக்குப் பட்டு நெகிழ்ந்து கொடுக்காது, அதனால் முதுகு நடுவில் ஒரு அங்குல மடிப்பு விட்டு வெட்ட வேண்டும். அம்மா சேலையில் கத்திரி வைப்பதற்கு மகள் முகம் சுளித்தாள். பெட்டிக்குள்ளேயே இருந்து பொடிப்பொடியாகப் போவதைவிட மேல் என்றேன். கேட்டுக்கொண்டாள், ஒத்துக்கொண்டாளா தெரியவில்லை.

அதையும் இப்போது தொடப்போவதில்லை. பங்குனி பிறந்துவிட்டால் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு இந்த ஊரில் உட்கார முடியாது. ஒரு நாள் நன்றாக வெயில் காட்டி, துலக்கி, காய்ந்த வேப்பிலை போட்டுப் பழைய மல் துணியில் கட்டி வைக்கப்போகிறேன். பூச்சி கம்பளியையும் தின்னும், பட்டையும் தின்னும். வேப்பிலைக்கு இங்கே பஞ்சமில்லை, தெருவெல்லாம் மரம்தான். மறுபடி ஐப்பசியில் பிரிப்பேன்.

அதற்குள் உன்னிடம் ஒரு வேலை. பட்டன் இங்கே சரியாக அமையவில்லை. கினாரி பஜார் முழுக்கத் தேடிப் பார்த்தேன், கண்ணில் பட்டதெல்லாம் கல்யாண ஷெர்வானிக்குப் போடுகிற பொன்னிறப் பட்டன். தேங்காய்ச் சிரட்டையில் செய்த பட்டன் அங்கே எங்காவது கிடைக்கிறதா என்று பார். ஒரு அங்குல அகலம், நான்கு ஓட்டை, பளபளப்பு வேண்டாம். கோட்டுக்கு ஐந்து, கைக்கு நான்கு, தொலைந்தால் போட ஒன்று கூடுதலாக. ஆனியில் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். உன் போர்வையையும் எந்த நிலையில் இருந்தாலும் எடுத்து வை, திண்ணையில் உட்கார்ந்து ஒரு சுற்று நானும் போடுகிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
விஜி