சித்திரை முதல் நாள் சூரியோதயம்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வருகிற ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், பள்ளிக்கு விடுமுறை. அன்று காலை ஆறு மணிக்கு முன்பே உங்கள் பிள்ளையை எழுப்பி, மொட்டை மாடிக்கோ கண்மாய்க் கரைக்கோ அழைத்துச் சென்று சூரியோதயத்தைக் காணச் செய்யுமாறு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களின் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். மதுரையில் அன்று ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் சூரியன் உதிக்கும்.

புத்தாண்டு என்றால் நள்ளிரவுப் பட்டாசு என்றே நம் பிள்ளைகளில் பலர் எண்ணுகிறார்கள். ஜப்பான் 1873-இல் மேலைநாட்டு நாட்காட்டிக்கு மாறி, சனவரி முதல் நாளைப் புத்தாண்டாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் அந்நாட்டு மக்கள் அன்றைய முதல் உதயத்தை ‘ஹட்சுஹினோதே’ என்று சொல்லி, அதைக் காண இருட்டிலேயே மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். கொரியாவின் கிழக்குக் கரையிலுள்ள சோங்டோங்சின்னிலும் அதே நாளில் பெருங்கூட்டம் கூடுகிறது. நமக்கு இன்னும் நெருக்கமானது வங்கதேசத்தின் வழக்கம். நாம் சித்திரை பிறப்பைக் கொண்டாடும் அதே ஏப்ரல் 14 அவர்களுக்கும் ஆண்டுப் பிறப்பு. டாக்காவின் ரம்னா பூங்காவில் ஒரு மரத்தடியில் அமர்ந்து, சாயாநட் என்னும் கலை பண்பாட்டு அமைப்பினர் உதய வேளையில் பாடி ஆண்டை வரவேற்கும் வழக்கம் 1967-இல் தொடங்கியது. எல்லா இடத்திலும் விடியலே கணக்கு என்றும் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்து வீடுகளில் பஞ்சாங்கம் குறித்த புண்ணிய காலத்தில், அது நடுநிசியாக இருந்தாலும், மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைப் பெரியவர்கள் தலையில் வைக்க, அதன் பிறகே குளிக்கிறார்கள்.

கனி வைக்கும் வீடுகளில் பிள்ளைகள் கண்ணாடியும் மாம்பழமும் கொன்றைப் பூவும் வைத்த தட்டில் கண்விழிக்கட்டும். அவ்வழக்கம் இல்லாத வீட்டாரும், வேறு சமயத்தவரும் வானத்தை மட்டும் பார்த்தால் போதும். சூரியன் நேர்கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி எழுவதைக் காண்பார்கள். தை மாதத்தில் அது எந்தத் தென்னைக்குப் பின்னால் எழுந்தது என்பது தாத்தா பாட்டிக்கு நினைவிருக்கும். கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அதைவிடச் சுவையானது நண்பகலில் இருக்கிறது. ஓர் அடிக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, பகல் 12 மணி 17 நிமிட அளவில் பார்த்தால் அதன் நிழல் அரை சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. சித்திரை பிறக்கும் நாட்களில் சூரியன் மதுரைக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் வந்து நிற்பதே காரணம். பாடநூலில் படமாகப் பார்ப்பதைவிட இதை ஒருமுறை வாசலில் பார்ப்பதே மேல் என்பது என் எண்ணம்.

எழுந்துவிட்ட சூரியனை வெறுங்கண்ணால் உற்று நோக்கவோ, தொலைநோக்கியால் பார்க்கவோ பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள். விடியலைக் காண்பதற்காக யானைமலையில் இருட்டில் ஏறும் யோசனை எவருக்கேனும் இருந்தால் அதைக் கைவிடுமாறு வேண்டுகிறேன். கைப்பேசியில் ஸ்டேட்டஸ் வைப்பதற்காக இந்த ஏற்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுத் தேர்வு நெருங்குவதால் இதற்கு மதிப்பெண் கிடையாது. உதித்த நேரம், திசை, நண்பகல் நிழலின் நீளம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்