நாளைய அப்பமா, இன்றைய அப்பமா?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. மூட்டு ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று தங்கச்சியும் போனில் சொன்னாள். சந்தோஷம். அதற்காக உடனே சைக்கிளை வெளியே எடுத்துவிடாதே. இங்கே சின்னவளுக்கு ஒருவழியாக நாகர்கோவில் பக்கம் மாறுதல் கிடைத்துவிட்டது. பேரன் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறான், சபை ஐயருக்குக் கேள்வி கேட்டே தலைவலி கொடுக்கிறானாம்.

உன் கேள்விக்கு வருகிறேன். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் புராட்டஸ்டண்ட்காரர் நாங்கள் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்கிறோம், கத்தோலிக்கர் நீங்கள் "எங்கள் அனுதின உணவை" என்கிறீர்கள், எது சரி என்று கேட்டிருந்தாய். அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது எபியூசியோஸ் என்ற சொல். அதற்கு இதுதான் அர்த்தம் என்று அடித்துச் சொல்ல இன்றுவரை ஆள் இல்லை! புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 இரண்டு இடத்தில்தான் வருகிறது, இரண்டும் இதே ஜெபம். கிரேக்கம் பேசி வளர்ந்த வேத அறிஞர் ஓரிகனே மூன்றாம் நூற்றாண்டில் கையை விரித்துவிட்டார். படித்தவர்கள் எழுத்திலும் இல்லை, பாமரர் வாயிலும் இல்லை, சுவிசேஷகர்கள் தாங்களே உண்டாக்கின சொல் போலிருக்கிறது என்கிறார்.

பைபிளை லத்தீனில் தந்த உங்கள் ஜெரோம் செய்ததுதான் வேடிக்கை. லத்தீனில் லூக்காவுக்கு 'அன்றாட' என்று வைத்தவர், மத்தேயுவில் அதே சொல்லுக்கு 'இயற்பொருளுக்கு மேம்பட்ட' என்று வைத்தார். பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் என்று அர்த்தம் கொள்ள அது நல்ல வழி. சிரியாக்காரர்களின் பழைய பைபிளான பெஷித்தாவோ 'எங்கள் தேவைக்கான அப்பம்' என்கிறது. எங்கள் 'வேண்டிய ஆகாரம்' அதற்குக் கிட்டத்தில் நிற்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

இதைவிடப் பெரிய கூத்து எகிப்தில் நடந்தது. அங்கே ஹவாராவில் பீட்ரி என்ற தொல்பொருள் ஆய்வாளர் தோண்டியெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு ஒன்று, 1889-ல் அச்சில் வந்தது. பக்தியும் இல்லை, தத்துவமும் இல்லை, வெறும் வீட்டுச் செலவுக் கணக்கு. மளிகைச் சாமான் வரிசையில் 'எபியூசி' என்று பாதிச் சொல் ஒன்று இருப்பதாக சேய்ஸ் என்ற அறிஞர் படித்துச் சொன்னார். கடைசியில் மளிகைச் சீட்டிலேயே விடை கிடைத்தது, அன்றாடப் படி என்றுதான் அர்த்தம் என்று பலரும் நிம்மதியானார்கள். ஏடு எங்கே போனது என்று தெரியாமல் போய்விட்டதால் சரிபார்க்கவும் முடியவில்லை. 1998-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. மறுபடி படித்துப் பார்த்தால் அங்கே இருந்தது 'எலையூ'. எண்ணெய்! நூறு வருஷம் சாட்சிக்கூண்டில் நின்றது எண்ணெய்க் கணக்கு.

என் கட்சி என்ன என்று கேட்பாய். நான் 'நாளைக்கான அப்பம்' பக்கம். அப்போஸ்தலர் 16:11-ல் பவுல் கப்பலில் போகும்போது 'மறுநாள்' என்பதற்கு இருப்பது இதன் உறவுச் சொல்தான். பைபிளில் சேராத எபிரேயர் சுவிசேஷம் என்ற பழைய நூலில் இந்த இடத்தில் 'மாஹார்', அதாவது நாளை, என்று இருந்ததாக ஜெரோமே எழுதி வைத்திருக்கிறார். "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று அதே அதிகாரத்தில் இருக்கிறதே என்று நீ மடக்குவாய், தெரியும். கூலிக்காரன் நிலையில் நின்று பார். மத்தேயு 20-ல் இயேசு சொன்ன உவமையில் திராட்சத்தோட்டத்து ஆட்களுக்குச் சாயங்காலம்தான் பணம் கைக்கு வருகிறது. அந்தக் காசு எதற்கு? மறுநாள் அடுப்புக்கு. அது இன்றைக்கே கைக்கு வந்தால்தான் அவன் கவலையில்லாமல் படுப்பான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் கொடுத்த மன்னாவை மறுநாளைக்கு வைத்தால் புழுத்ததே என்று அடுத்த அஸ்திரம் எடுக்காதே. ஆறாம் நாளில் இரண்டத்தனையாகச் சேர்த்தார்கள், ஓய்வுநாளில் அது நாறவில்லை. யாத்திராகமம் 16-ஐப் பார்.

இதை எல்லாரும் ஏற்பதில்லை. அந்தச் சொல்லை 'உயிர்வாழத் தேவையானது' என்று பிரித்துப் பொருள் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது, ஓரிகனே கிட்டத்தட்ட அந்த வழிதான். என்னால் அந்தக் கூலிக்காரனை விட முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பங்குச் சாமியாரிடம் பழைய லத்தீன் பைபிள் இருக்கும். மத்தேயு 6:11-ஐயும் லூக்கா 11:3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கோயில் பூசையில் எது சொல்கிறார்கள், ஏன் என்று அவரையே கேட்டு எழுது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தப் பக்கம் வருவேன், தங்கச்சியிடம் சொல்லிவிடு.

உன்,
பழைய கூட்டாளி